நல்லுசாமி வளைவு

ரிங்லெட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறும் சாலையில், முதல் மைல்கட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு வரும். உள்பக்கப் பாறையில் எந்நேரமும் நீர் கசிந்துகொண்டிருக்கும். வெளிப்பக்கம் ஒரு சிறு பாலமும் முழங்கால் உயரத்தில் ஒரு கல்சுவரும். அரசாங்க வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. ஆனால் 1980-க்குப் பிறகு கொழுந்து லோரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதை நல்லுசாமி வளைவு என்றே சொன்னார்கள். “நல்லுசாமி வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கு, பாத்துப் போ” என்பார்கள். “நல்லுசாமி வளைவுல ஹாரன் அடிச்சுக்க” என்பார்கள்.

ஓர் இடத்துக்கு ஒரு மனிதனின் பெயரை வைப்பது பொதுவாக அவன் செத்த பிறகு நடக்கிற காரியம். நல்லுசாமியோ உயிரோடுதான் இருந்தார். எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை அரைத்து உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தினமும் நின்றார். அந்த ஆண்டு அவருக்கு ஐம்பது வயது. வளைவுக்கு அவர் பெயர் வந்ததற்குக் காரணம், மே தின ஓட்டத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து அவர் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடம் அதுதான்.

மே தின ஓட்டம் அந்த எஸ்டேட்டின் வழக்கம். காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் கிளம்ப வேண்டும். மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், இறங்கி ரிங்லெட் கடைத்தெருவுக்குப் போனால், அங்கே ஒரு காய்கறி வியாபாரி மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுவார். அதோடு திரும்பி மூன்று கட்டை ஏறி வர வேண்டும். இறங்கும்போது எல்லாரும் ஓட்டக்காரர்கள்தான். ஏற்றம் உண்மையில் தொடங்குவது அந்த வளைவில்.

நல்லுசாமி 1962-லிருந்து ஓடினார். பெரிய ஓட்டக்காரர் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை முதலாவதாக வந்தார்; அதில் ஒரு தடவை, முன்னால் போனவன் தாகம் தாங்காமல் ரிங்லெட்டில் ஒரு கடைக்குள் நுழைந்து திரும்பி வர மறந்துவிட்டான். ஆனால் பதினாறு வருஷம் அவர் ஓட்டத்தை ஒரு தடவைகூடப் பாதியில் விட்டதில்லை. அவரே பெருமையாக நினைத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

1978-ல் அந்த வளைவில், பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்தது போல வலது கெண்டைக்காலில் ஓர் அடி விழுந்தது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அடுத்த அடி வைக்க முடியவில்லை. கல்சுவரில் உட்கார்ந்தார். கொழுந்து லோரி டிரைவர் இருளப்பன் அவரை ஏற்றிக்கொண்டு வந்தான். அடுத்த வருஷமும் அதே இடம், அதே கால், அதே லோரி. 1980-ல் இருளப்பன் முன்கூட்டியே லோரியை வளைவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

“ஏறு மச்சான்” என்றான். “டிக்கெட் வாங்கி வச்சிருக்கேன்லா.”

லோரிக்குப் பின்னால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லுசாமியும் சிரித்தார். அன்று மாலையே வளைவுக்குப் பெயர் விழுந்தது.

அன்றிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வளைவைத் தாண்ட வேண்டும். முதலாவதாக வரவேண்டாம். ஐம்பத்தைந்தில் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அதோடு ஓட்டத்தில் பெயர் சேர்க்க மாட்டார்கள். அதற்குள் ஒரு தடவை, மணிக்கட்டில் சிவப்பு வளையத்தோடு, லோரி ஏறாமல் தொழிற்சாலை வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

கால் பிடித்த அந்த மூன்று வருஷமும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. வைத்தியம் பார்த்தார். கொழுந்து பறிக்கும் பாஞ்சாலை, தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், கழுத்து திரும்பாதவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். வெற்றிலை பாக்கு தவிர எதுவும் வாங்க மாட்டாள். வெதுவெதுப்பான எண்ணெயைக் குதிகாலில் தடவிக்கொண்டு, வலிக்கும் இடத்தில் மூன்று மிதி மிதிப்பாள். பலருக்குக் குணமானது. நல்லுசாமியும் ஒவ்வொரு தடவை கால் பிடித்தபோதும் பாய் விரித்துக் குப்புறப் படுத்தார். மிதிக்கும்போது கண்ணில் நீர் வரும். மூன்று வாரத்தில் வலி போய்விடும். வலி போனதும் ஓடுவார். மறுபடி பிடிக்கும். மறுபடி பாய் விரிப்பார்.

1980 மே மாதம், பெயர் விழுந்த மூன்றாம் நாள், பாஞ்சாலை தானாகவே அவர் வீட்டுக்கு வந்தாள். நல்லுசாமி லயத்து வீட்டு வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ருக்குமணி கொழுந்துக் கூடையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன். திட்டாதீங்க.”

“நீ மிதிச்சதையே பொறுத்துக்கிட்டேன். சொல்றதையா பொறுத்துக்க மாட்டேன்?”

பாஞ்சாலை சிரிக்கவில்லை. “சுளுக்குன்னா என் காலுக்கடியில கயிறு முறுக்கின மாதிரி தெரியும். மூணு மிதியில அவுந்துடும். உங்க கால்ல முறுக்கே இல்ல. பள்ளம்தான் இருக்கு. என் கட்டைவிரல் உள்ள போவுது. இது சுளுக்கு இல்லண்ணே. உள்ள ஏதோ கிழிஞ்சிருக்கு. இனிமே நான் மிதிக்க மாட்டேன்.”

“எப்பலேர்ந்து தெரியும்?” என்று கேட்டாள் ருக்குமணி, ஊசியை நிறுத்தாமல்.

“போன வருசமே.”

“தெரிஞ்சும் ஏறி மிதிச்ச?”

“வாசல் பூரா ஆளுங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்கக்கா. என் காலை நம்பி வந்தவங்க. அவங்க முன்னாடி எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?”

ருக்குமணி ஊசியை வாரில் குத்தி வைத்தாள். எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பாஞ்சாலை கையில் கொடுத்தாள். தனக்குத் தெரிந்தது எங்கே முடிகிறது என்று சொல்லப் பாஞ்சாலைக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது தாமதம்தான். ஆனால் அதைச் சொல்லாமலேயே ஆயுளை முடித்துக்கொள்கிறவர்களே உலகத்தில் அதிகம்.

மறுநாள் நல்லுசாமி எஸ்டேட் மருந்துவீட்டுக்குப் போனார். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸர் விரலால் அழுத்திப் பார்த்தார். கிழிந்த தசை ஒட்டுவதற்குள் மறுபடி அதே இடத்தில் கிழிகிறது என்றார். அதன்மேல் மிதிப்பது ரணத்தைக் கிளறுவதற்குச் சமம் என்றார். “ஆறு வாரம் ஓடாதே” என்றவர், கொஞ்சம் யோசித்து, “அதுக்கப்புறமும் ஓடாதே” என்று சேர்த்துக்கொண்டார்.

ஆலோசனையில் முதல் பாதியை மட்டும் நல்லுசாமி எடுத்துக்கொண்டார். அதுவே சுலபமாக இல்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எழுந்ததும் வலது காலை மட்டும் ஊன்றி ஒரு குதி குதித்துப் பார்ப்பார். வலித்தால் முகம் சுருங்கும். வலிக்காவிட்டால் இன்னொரு குதி. நம்பிக்கை இல்லாத முதலாளி வேலைக்காரனை வேவு பார்ப்பது போலத் தன் காலையே வேவு பார்த்தார். ஒரு நாள் ருக்குமணிக்குப் பொறுக்கவில்லை.

“வெந்துச்சா வெந்துச்சான்னு கரண்டிய விட்டுக் கிளறிக்கிட்டே இருந்தா, சோறு கூழாத்தாங்க போவும்.”

அன்றோடு குதிப்பதை நிறுத்தினார். ஆறு வாரம் சாயங்காலங்களில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. உட்கார்ந்தால் கண்ணுக்கு ஏதாவது வேலை வேண்டும். எதிர்மலையிலிருந்து கொழுந்துக்காரிகள் இறங்கி வருவதைப் பார்த்தார். செங்குத்தான சரிவு, மழையில் வழுக்கும் மண், முதுகில் நிறைந்த கூடை. ருக்குமணிக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறாள். அவளுக்குக் கால் பிடித்து ஒருநாளும் பார்த்ததில்லை.

“ஏன் ருக்கு, உனக்கு இந்தக் கெண்டைக்கால் புடிக்கிறதே இல்லையா?”

“புடிச்சா எவன் என் கூடைய எடுப்பான்?” என்றாள். பிறகு காலைக் கழுவிக்கொண்டே, “உங்களுக்கும்தான் காட்டுல இருந்தப்ப புடிச்சதில்ல” என்றாள்.

நல்லுசாமி அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1976 வரை அவர் வெளிக்காட்டு ஆள். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவது, சரிவில் உர மூட்டை ஏற்றுவது எல்லாம் செய்தவர். அப்புறம்தான் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். மழை இல்லை, அட்டை இல்லை, சரிவு இல்லை. நாள் முழுக்கச் சமமான சிமெண்டுத் தரையில் நிற்பது மட்டும்தான். முதல் தடவை கால் பிடித்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவர் ஓட்டம் மாறவில்லை. மாறியது தரை.

இது சரியான கணக்கா என்று நிச்சயமாகச் சொல்ல யாருமில்லை. இந்த நான்கு வருஷத்தில் வயதும் கூடித்தான் இருந்தது. ஆனால் வயதைத் திருப்பிக் கேட்க எஸ்டேட் ஆபீசில் எந்தக் கிராணியிடமும் மனு கொடுக்க முடியாது; வெளிக்காட்டு வேலையைக் கேட்கலாம். நல்லுசாமி கேட்டார்.

ஆள் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பேக்டரிய விட்டுட்டு வெளிக்காட்டுக்கா? ஊர்ல இருக்கவன் எல்லாம் மழை படாத வேலை குடுங்கன்னு வந்து நிக்கிறான். நீ மழையில போறேன்ற. காலையிலேயே குடிச்சிட்டியா?”

“இல்லீங்க கிராணியாரே.”

“துரை கேட்டா காரணம் என்னன்னு எழுதட்டும்?”

“கால்வலின்னு எழுதுங்க.”

“கால்வலிக்கு மலை ஏறப் போறியா!” கிராணி சிரித்து முடிக்கும்வரை நல்லுசாமி காத்திருந்தார். “ஓவர்டைம் போவும். திரும்பி வந்து கேட்டா இடம் இருக்காது. வீட்டுல சொல்லிட்டியா?”

“சொன்னதே வீட்டுலதாங்க.”

கிராணி ‘சொந்த விருப்பம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

லயத்தில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். தண்டனை என்றார்கள். சூப்பர்வைசரோடு சண்டை என்றார்கள். இருளப்பன் லோரியிலிருந்து தலையை நீட்டி, “என்ன மச்சான், நீ மெஷின வேணாம்னியா, மெஷின் உன்ன வேணாம்னுச்சா?” என்றான். நல்லுசாமி கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார்.

முதல் மாதம் மலை அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கவாத்துக் கும்பல் மேல் நிரைக்குப் போய்விடும்; அவர் கீழே நின்று மூச்சு வாங்குவார். மூட்டையோடு ஏறும்போது முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஏறினார். கெண்டைக்கால் உடனே சுரீர் என்றது. ருக்குமணி எப்படி ஏறுகிறாள் என்று கவனித்தார். அவள் அவசரப்படுவதே இல்லை. காலைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, குதிகால் மண்ணில் முழுசாகப் பதிந்த பிறகே எடையை மாற்றினாள். அதுபோல வைத்துப் பார்த்தார். சுரீர் வரவில்லை. சுமையோடு மெதுவாக இறங்கும்போதுதான் கெண்டைக்கால் அதிகம் உழைக்கிறது என்பதையும் கண்டுகொண்டார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் வாசல்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெள்ள மெள்ளக் கீழே இறக்குவார். பிறகு ஏற்றுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் சலித்துப்போய் உள்ளே போனார்கள். அவருக்குச் சலிக்கவில்லை. சலித்திருக்கலாம், நிறுத்தவில்லை.

ஆறு மாதம் கழித்து ஓடத் தொடங்கினார். ஓட்டம் என்று சொல்வது அதிகம். இரண்டு மின்கம்பத்துக்கு இடைப்பட்ட தூரம் ஓடுவார், அடுத்த இரண்டு கம்பத்துக்கு நடப்பார். “இன்னும் கொஞ்சம் ஓடலாமே” என்று கால் சொல்லும்போது நிறுத்திவிடுவார். பழைய நல்லுசாமிக்கு அந்தப் பேச்சு கட்டளை. இப்போது அதைச் சந்தேகப்படக் கற்றிருந்தார்.

1981 மே தினம் வந்தது. காலில் வலி இல்லை. ஓடினால் ஒருவேளை முடித்திருக்கலாம். பெயர் கொடுக்கும் கடைசி நாளன்று கிராணி அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டார்.

“என்னங்க, குடுத்தாச்சா?”

“இல்ல.”

“ஏன்?”

“ஒருவேளைங்கறதுக்காக ஓடித்தான் மூணு வருசம் போச்சு, ருக்கு.”

அன்று காலை ஒரு வாளியும் இரண்டு தகரக் குவளையும் எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்கே போனார். கல்சுவரில் உட்கார்ந்து, பாறையில் கசியும் தண்ணீரைப் பிடித்து, ஏறி வருகிறவர்களுக்குக் கொடுத்தார். குடித்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள். “வீட்டுக்காரரே, உங்க வளைவு நல்லாத்தான் இருக்கு” என்றான் ஒருவன். தனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சுவரில் உட்கார்ந்து பிறருக்குத் தண்ணீர் ஊற்றுவது ஓடுவதைவிடக் கஷ்டமாகவே இருந்தது. ஆனால் கடைசி ஆள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

1982-ல் பெயர் கொடுத்தார்.

காலையில் பனிமூட்டம். நாற்பத்தேழு பேர் கிளம்பினார்கள். இறக்கத்தில் எல்லாரும் அவரைத் தாண்டிப் பறந்தார்கள். அவர்களைப் போகவிட்டார். ரிங்லெட்டில் காய்கறி வியாபாரி வளையத்தை மாட்டிக்கொண்டே, “இன்னிக்கு எங்க நிப்பீங்க?” என்று கேட்டார். “மேல” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முதல் கட்டை கடந்தது. தூரத்திலேயே வளைவு தெரிந்தது. கொழுந்து லோரி அங்கே நின்றது. அதன் முன்னால், சாலை ஓரத்தில், ஒரு நாற்காலி. அதன் கையில் செவ்வந்திப் பூமாலை சுற்றியிருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். இருளப்பன் துண்டால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மச்சான், வாங்க! இந்த வருசம் கல்லுல உக்கார வேணாம்லா!”

அவர்கள் சிரிப்பு காதில் விழுந்த அதே நேரத்தில், வலது கெண்டைக்காலில் பழைய இடத்தில் ஒரு பிடிப்பு வந்தது. அடி இல்லை. அடி விழுவதற்கு முந்தைய பிடிப்பு. அது அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று தடவையும் அது வந்தது, மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார். வளைவு இருபது அடி தூரத்தில் இருந்தது. இரண்டு வருஷமாக மனசில் ஓடிக் கடந்த வளைவு. ஓடித்தான் கடந்திருந்தார், ஒருநாளும் வேறுவிதமாக நினைத்துப் பார்த்ததில்லை.

நல்லுசாமி ஓட்டத்தை நிறுத்தினார்.

“அய்யோ, நின்னுட்டாருடா!” என்று யாரோ கத்தினார்கள்.

அவர் நிற்கவில்லை. நடந்தார். காலைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, குதிகால் தாரில் முழுசாகப் பதிந்த பிறகே அடுத்த அடியை எடுத்து, முதுகில் உர மூட்டை இருப்பது போல, அவசரமே இல்லாமல் நடந்தார். நாற்காலியைத் தாண்டினார். மாலையைத் தாண்டினார்.

“நடந்தா கணக்குல வராது மச்சான்!” இருளப்பன் பக்கத்திலேயே கூட வந்தான். “ஓட்டம்னா ஓடணும்லா!”

“சட்டத்துல லோரி ஏறக்கூடாதுன்னுதான் இருக்கு” என்றார் நல்லுசாமி. “நடக்கக் கூடாதுன்னு இல்ல.”

“அப்ப நாற்காலிய என்ன பண்ண?”

“நீ உக்காரு. மூணு வருசம் என்ன ஏத்திக்கிட்டுப் போயி அலுத்திருப்ப.”

கூட்டம் இப்போது இருளப்பனைப் பார்த்துச் சிரித்தது. அவன் ஒரு நிமிஷம் யோசித்து, நாற்காலியில் உட்கார்ந்து மாலையைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டான்.

வளைவு முடிந்து பாலத்துக்கு அப்பால் இரண்டு மின்கம்பம் வரை நடந்தார். பிடிப்பு இளகியது. மூன்றாவது கம்பத்தில் ஓடத் தொடங்கினார். அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் நடந்தார். தொழிற்சாலை வாசலுக்கு அவர் வந்தபோது பரிசு கொடுத்து முடிந்திருந்தது, துரை போய்விட்டிருந்தார். முடித்தவர்களில் அவர் கடைசிக்கு முந்தையவர். கிராணி பழனியப்பன் மட்டும் மேஜை முன்னால் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தார். சிவப்பு வளையத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் நல்லுசாமி. கிராணி அதைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார், முடித்ததற்கு அடையாளமாகப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

வாசலுக்கு வெளியே பாஞ்சாலை நின்றிருந்தாள். “பள்ளம்?” என்று மட்டும் கேட்டாள். அவர் காலைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “இருக்கு” என்றாள். “ஆனா ஆழமில்ல.”

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நல்லுசாமி எல்லாரோடும் நின்றார். நொண்டவில்லை. ஐம்பத்தைந்து வயதுவரை இன்னும் மூன்று தடவை ஓடினார்; ஒருமுறை மழையில் ஓட்டமே நின்றுபோனது, மற்ற இரண்டு முறையும் முடித்தார். இரண்டிலும் வளைவில் நடந்தார்.

பெயர் மட்டும் மாறவில்லை. உண்மை மாறிவிட்டது என்பதற்காக ஜனங்கள் வைத்த பெயர் மாறுவதில்லை. 1985-ல் தாப்பாவிலிருந்து ஒரு புது டிரைவர் வேலைக்கு வந்தான். இருளப்பன் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாதை காட்டிக்கொண்டு போனான்.

“இது நல்லுசாமி வளைவு. ரெண்டாவது கியர்ல ஏறு.”

“யாருண்ணே நல்லுசாமி? இங்க விழுந்து செத்தாரா?”

“சேச்சே” என்றான் இருளப்பன். “இந்த இடத்துல நடந்தாருலா.”